கரண்டியும் கூலியும்

அதிகாலை மூன்று மணிக்கு ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். கோட்டை அடுப்புக்கு முன்னால் நிற்பவர்கள் ஆண்கள். அண்டாவில் சாம்பாரைத் துழாவுகிறவர், ஜாங்கிரி பிழிகிறவர், எத்தனை படி அரிசி என்று கணக்குச் சொல்கிறவர், கடைசியாக உப்புப் பார்க்கிறவர், எல்லோருமே ஆண்கள். பெண்களும் அங்கே உண்டு. குழாயடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், தேங்காய் துருவுவார்கள், பந்தி முடிந்ததும் பாத்திரம் தேய்ப்பார்கள். கான்ட்ராக்டரின் நோட்டில் மாஸ்டருக்கு ஒரு கூலி, இவர்களுக்கு வேறு கூலி. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்களிலோ தினமும் உலை வைப்பவர்கள் அனேகமாகப் பெண்களே.

அப்படியானால் ‘சமையல் பெண்ணின் வேலை’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோமே, அது எதைக் குறிக்கிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சமூகம் சமையலை முழுதாகப் பெண்ணிடம் கொடுக்கவில்லை. கூலியும் பேரும் இல்லாத சமையலைத்தான் கொடுத்தது. கூலி வருகிற இடத்தில், புகழ் வருகிற இடத்தில், அரசனும் சாமியும் சாப்பிடுகிற இடத்தில் கரண்டி ஆணின் கைக்குப் போனது. பெண் கூலிக்குச் சமைக்கும் இடங்களும் உண்டு. அங்கே கூலி எவ்வளவு என்று பார்த்தால் இந்த விதி இன்னும் தெளிவாகும்.

இந்தப் பிரிவினை பழையது. சங்க இலக்கியத்திலேயே இரண்டு சமையல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் பாணர்களுக்கு விருந்து நடக்கிறது. அந்த உணவு வகைகள் வீமனின் சமையல் நூல் சொன்ன முறை தவறாமல் ஆக்கப்பட்டவை என்கிறார் புலவர். அரண்மனைச் சமையலுக்கு ஒரு நூல் இருக்கிறது, அதற்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், அந்த ஆசிரியர் ஒரு வீரன். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு வேறொரு அடுப்பைக் காட்டுகிறது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் ருசித்து ஒரு வார்த்தை பாராட்டுகிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. கூடலூர் கிழாரின் அந்தப் பாட்டு எனக்கு மிகப் பிடித்தது. ஆனாலும் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது மனம் உறுத்துகிறது. அரண்மனைச் சமையலுக்கு இலக்கணமும் பெயரும் கிடைத்தன, வீட்டுச் சமையலுக்குக் கணவனின் பாராட்டு ஒன்றுதான் கிடைத்தது.

நளனும் வீமனும் நம் மரபின் இரண்டு பெரிய சமையற்காரர்கள். நல்ல சாப்பாட்டை இன்றும் அவர்கள் பேரைச் சொல்லித்தான் புகழ்கிறோம். இருவரும் எப்போது சமைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நளன் நாட்டை இழந்து, உருமாறி, இருதுபன்னனிடம் வாகுகன் என்ற பெயரில் ஊழியம் பார்த்தபோது சமைத்தான். வீமன் அஞ்ஞாதவாசத்தில் விராடனின் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தான். இருவரும் மாறுவேடத்தில், அடுத்தவர் அரண்மனையில் சமைத்தவர்கள். நாடு திரும்பியபின் பாஞ்சாலிக்கோ தமயந்திக்கோ ஒருவேளைச் சோறு ஆக்கிப்போட்டதாகக் கதைகள் சிறப்பித்துச் சொல்லவில்லை. பெண்பக்கம் நம்மிடம் இருப்பவர்கள் அன்னபூரணியும் அமுதசுரபி ஏந்திய மணிமேகலையும். அவர்கள் அள்ளிக் கொடுப்பவர்கள். அவர்களுடைய கைத்திறனைப் பற்றிய பேச்சு குறைவு, கருணையைப் பற்றிய பேச்சு அதிகம். ஆணின் சமையலைக் கலையாகவும் பெண்ணின் சமையலை அன்பாகவும் பிரித்தது அங்கிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். கலைக்குக் கூலி கேட்கலாம், அன்புக்குக் கேட்க முடியாது.

பொதுச் சமையல் ஆண்களிடம் போனதற்குப் பலத்தைக் காரணமாகச் சொல்வார்கள். நூறு பேருக்கு வடிக்கும் அண்டாவைத் தூக்க ஆண் வேண்டுமாம். இது முழுக் காரணமாகாது. வயலில் நாற்றுக்கட்டும் கட்டடத்தில் செங்கலும் சுமப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்! தீட்டும் சாதியும் இதைவிட வலுவான காரணங்கள். பெரிய கோயில் மடைப்பள்ளிகளில் பெண் நுழைவதில்லை, மாதவிலக்கு அதற்குச் சொல்லப்படும் காரணம். மடங்களில் தவசிப்பிள்ளைகள், அக்ரகாரத்துக் கல்யாணங்களில் பரிசாரகர்கள் என்று ஆண்களின் வரிசை அமைந்தது. ஹோட்டல்கள் வந்தபோது எல்லாச் சாதிக்காரர்களும் வாங்கிச் சாப்பிடத் தயங்காத கை என்று பிராமண ஆணின் கை தேர்ந்தெடுக்கப்பட்டது. உடுப்பியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் ஆண்கள் ஊர்விட்டு ஊர் போய்த் தங்கிச் சமைத்தார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு வாசலைத் தாண்டவே அனுமதி இல்லாத காலம் அது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கப் பெரியார் நடத்திய போராட்டத்தைச் சாதிப் போராட்டமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பலகை சொன்ன சாதிக்குள் ஒரு பாலினமும் அடக்கம். ‘பிராமணாள் ஹோட்டல்’ என்றால் பிராமண ஆண்களின் அடுக்களை என்றே பொருள்பட்டது.

சைவ ஹோட்டலின் சாதி அடையாளம் மங்கியபின்னும் ஆண் அடையாளம் மங்கவில்லை. அசைவத்தில் அந்தப் பழைய காரணமே கிடையாது, முடிவு மட்டும் அதேதான். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பித் தமிழகமெங்கும் முனியாண்டி விலாஸ்கள் பரவின. அந்த ஊர் முனியாண்டி கோயில் விழாவில் இன்றும் பிரியாணிதான் பிரசாதம், அதை ஆக்குபவர்கள் ஆண்கள். முஸ்லிம் கல்யாணங்களில் தேக்சாவுக்குத் தம் போடும் பண்டாரி ஆண். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சரக்கு மாஸ்டர் என்று எத்தனை மாஸ்டர்கள்! பெண்ணுக்கு அந்தப் பட்டம் வந்து நான் கேட்டதில்லை. வீதியோரத்தில் இட்லிக் கடை போடும் பெண் அக்காவாகவும் ஆயாவாகவும் பாட்டியாகவும் அறியப்படுகிறாள். கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாளை 2019இல் நாடே கொண்டாடியது. அவருடைய பெருந்தன்மையைக் கொண்டாடியது நியாயமே. அத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் அந்த மாவைப் பதம் பார்த்த தொழில்ஞானத்தைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்?

உணவகத்துக்கும் மசாலாப் பொடிக்கும் ஆச்சி, அம்மா, பாட்டி என்று பெண் உறவைப் பேராக வைப்பது நம் வணிகத்தின் வழக்கம். வீட்டுக் கைமணம் என்ற நம்பிக்கையை அந்தப் பேர் விற்றுக்கொடுக்கிறது. முதலாளி பெரும்பாலும் ஆண், மாஸ்டர் பெரும்பாலும் ஆண். விதிவிலக்குகள் இல்லாமலில்லை. மெரினாவில் தள்ளுவண்டியில் தொடங்கி உணவகத் தொடர் வரை வளர்ந்த பாட்ரிசியா நாராயணின் கதை பலருக்குத் தெரியும். அவர் தொடங்கியபோது கடற்கரையில் பெண் வண்டி போடுவது எவ்வளவு அரிது என்பதையும் சேர்த்தே அந்தக் கதையை நினைக்க வேண்டும்.

வீட்டிலிருந்த அறிவைத் தொழில் அறிவாக மாற்றிய ஒரு பெண்ணைத் தனியே சொல்லத் தோன்றுகிறது. அச்சில் வந்த பழைய தமிழ்ச் சமையல் நூல்களில் ஒன்றான ‘இந்து பாகசாஸ்திரம்’ ஓர் ஆண் எழுதியது. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை வெளியிட்டார். இளம் வயதில் கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் பக்குவம் கேட்டபடி இருந்தார்கள். மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் அதையெல்லாம் புத்தகமாக்கச் சொல்லித் தூண்டினார். பிறகு அந்தப் புத்தகம் புதுப்பெண்ணின் சீர்வரிசையில் போனது, வெளிநாடு போன இளைஞர்களின் பெட்டியிலும் போனது. ‘கண்ணளவு’ என்று பெண்களின் கையில் புதைந்து கிடந்ததை இத்தனை அளவு, இத்தனை நேரம் என்று எழுதியதுதான் அவர் செய்த பெரிய காரியம். எழுதிவிட்டால் யாரும் கற்கலாம் என்றாகிறது, அது பெண்ணின் பிறவிக்குணம் என்ற பேச்சு அங்கே உடைகிறது. ஒரு கைம்பெண்ணை மங்கல காரியங்களிலிருந்து ஒதுக்கிய சமூகம் அவர் எழுதிய பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பண்டிகைக்குப் பட்சணம் செய்தது.

இனி, பெண்கள் கூலிக்குச் சமைக்கும் பெரிய அடுக்களைகளுக்கு வருவோம். இந்தக் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2013இல் வந்த அம்மா உணவகம், 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு சுமார் 31,000 பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம் என்று உலகுக்கே எடுத்துக்காட்டான வரிசை நம்முடையது. சத்துணவுக்கூடங்களில் சமைப்பவர்கள் பெண்கள். அம்மா உணவகத்திலும் காலை உணவிலும் சுய உதவிக் குழுப் பெண்கள். நூறு பிள்ளைகளுக்கு மணியடிக்குமுன் சோறு வடித்துக் குழம்பு இறக்குகிறார்கள். அண்டாவைத் தூக்க ஆண் வேண்டும் என்ற வாதம் இங்கே எங்கே போனது?

கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் வேலை கொடுத்ததில் சத்துணவு செய்த நன்மை மிகப் பெரியது. அந்த வேலையால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஊதியம் மட்டும் வேறு கதை சொல்கிறது. ஒன்றிய அரசின் கணக்கில் பள்ளிச் சமையலருக்கான மதிப்பூதியம் 2009இல் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது, அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு. அந்த அடிப்படைத் தொகை பல ஆண்டுகளாக அசையவில்லை. தமிழ்நாடு தன் நிதியிலிருந்து கூடுதலாகத் தருகிறது. ஆனாலும் 2024இன் இறுதியில் புதிய சமையல் உதவியாளர்களை எடுக்க வந்த அறிவிப்பில் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஒரு பரோட்டா மாஸ்டர் இந்தத் தொகையை ஒரு வாரத்துக்குள் வாங்கிவிடுவார். இந்த வேலையை ‘சேவை’ என்றும் தொகையை ‘மதிப்பூதியம்’ என்றும் அரசு எழுதுகிறது. வீட்டில் அன்பு என்று சொல்லிக் கூலியை மறைத்தது போலவே, வெளியில் சேவை என்று சொல்லிக் கூலி குறைக்கப்படுகிறது.

இதே அடுக்களையில் சாதி பெண்ணை இரண்டாம் முறை அடிக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் தகராறு செய்து அவரை இடம் மாற்ற வைத்தது. போராட்டத்துக்குப் பிறகே மாற்றம் ரத்தானது. கூலி குறைந்த, மரியாதை குறைந்த வேலையிலும் யார் கையால் ஆனது என்று பார்க்கும் கண் இன்னும் மூடவில்லை. பெண் என்றாலே சமைக்கப் பிறந்தவள் என்று பேசும் ஊர், இந்தப் பெண் மட்டும் சமைக்கக் கூடாது என்று பள்ளி வாசலில் நின்றது.

வீட்டுக்குள் போவோம். கோவையில் பிறந்த வெட் கிரைண்டர், குக்கர், மிக்சி, கேஸ் அடுப்பு எல்லாம் ஆட்டுக்கல்லிலிருந்தும் புகையிலிருந்தும் பெண்ணை மீட்டன. தேர்தல் வாக்குறுதியாக வந்த கேஸ் அடுப்பையும் கிரைண்டரையும் ஏளனம் செய்தவர்கள், அதிகாலையில் ஆட்டுக்கல்லைச் சுற்றிய தோள்வலியை அறியாதவர்கள். இயந்திரம் நேரத்தைக் குறைத்தது, பொறுப்பை நகர்த்தவில்லை. நாளைக்கு என்ன சமைப்பது, மாவு புளித்ததா, மாமனாருக்கு உப்பு குறைக்க வேண்டுமே என்ற நினைப்பு எந்தக் கருவிக்கும் மாறவில்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது இது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். 2024 கணக்கில் அது 289, 88. இது ஈடுபடுகிறவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. ஐந்தில் நான்கு பெண்கள் ஈடுபடுகிறார்கள், ஆண்களிலோ நாலில் ஒருவர்தான். பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தபோது ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. பகிர்வு நடக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சமைப்பவள் எப்போது சாப்பிடுகிறாள்? தோசை வார்க்கும் வீட்டில் கடைசித் தோசை அவளுக்கு. கோழிக் குழம்பில் தொடைக்கறியும் ஈரலும் ஆண்பிள்ளைகளுக்கு, கழுத்தும் குழம்பும் அவளுக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள், ஆண்களில் 25 சதவீதத்தினர். தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்தினர். மாதவிலக்கும் பேறும் இதற்குக் காரணங்கள்தாம். தட்டில் என்ன விழுகிறது, எப்போது விழுகிறது என்பதும் ஒரு காரணம் என்று சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை.

உணவுப் பொருளுக்கே ஆண், பெண் முத்திரை குத்தியிருக்கிறோம். மாப்பிள்ளை சம்பா ஆணின் பலத்துக்கு. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் பால்சுறாப் புட்டும். பெண்ணுக்கான உணவெல்லாம் கருப்பையையும் தாய்ப்பாலையும் சுற்றியே வருவதைக் காணலாம். களியும் புட்டும் சத்தானவை, அவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவளுடைய உழைப்புக்கென்றோ ஆசைக்கென்றோ ஒரு பலகாரத்தை மரபு ஏன் யோசிக்கவில்லை என்பதே என் கேள்வி. முருங்கைக்காயை ‘முந்தானை முடிச்சு’ (1983) படம் ஊரறிந்த குறும்பாக்கியபின் ஒரு பெண் காய்கறிக்கடையில் அதைக் கேட்டு வாங்கக்கூடக் கூசிய காலம் இருந்தது.

உண்ணும் இடமும் அப்படியே பிரிந்தது. டீக்கடை பெஞ்சும் இரவுப் பரோட்டாக் கடையும் ஆண்களுக்கு. பெண் வந்தால் திரை போட்ட ஃபேமிலி ரூம், இல்லையென்றால் பார்சல். நகரங்களில் இது வேகமாக மாறிவருகிறது.

இந்தப் பிரிவினைக்குள் பெண்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஓர் இடமும் உண்டு. தென்மாவட்டங்களில் ஔவையார் நோன்பு என்றும் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் சொல்லும் சடங்கில், ஊர் உறங்கியபின் பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாத கொழுக்கட்டை அவித்துப் படைத்துத் தாங்களே சாப்பிடுகிறார்கள். ஆண் பார்க்கக் கூடாது, சிறுவனும் தின்னக் கூடாது. வருஷம் முழுக்க அடுத்தவருக்காக அடுப்பெரிக்கும் பெண்கள் தங்களுக்காகவே சமைத்து, தங்களுக்குள்ளேயே கதை சொல்லி, மிச்சம் வைக்காமல் உண்ணும் இரவு அது. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மதுரைப் பக்கம் திருமங்கலம் வட்டாரத்துக் கரும்பாறை முத்தையா கோயிலில் நடக்கும் ஆண்கள் மட்டுமான கறிவிருந்தைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் படத்தோடு போடுகின்றன. கொழுக்கட்டை நோன்புக்கு அந்த வெளிச்சம் இல்லை, அதைச் செய்யும் பெண்கள் அதைக் கேட்கவும் இல்லை.

கைபேசித் திரையிலும் பழைய கதை புது உருவில் வந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அவர்களின் உழைப்பும் சேர்ந்து உண்ணும் மகிழ்ச்சியும் உண்மையானவை, சமைத்ததை முதியோருக்கும் எளியோருக்கும் பரிமாறுகிறார்கள். ஆண்கள் உற்சாகமாக அம்மியில் அரைப்பதைக் கோடிப் பேர் பார்த்தது நல்ல விஷயம் என்றே எண்ணுகிறேன். ஆனால் அந்த அம்மியில் நூற்றாண்டுகளாக அரைத்த கைகளுக்கு அது காட்சியாக இருந்ததில்லை, கடனாகவே இருந்தது. தொலைக்காட்சியிலும் மல்லிகா பத்ரிநாத்தும் ரேவதி சண்முகமும் வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அக்காவாகவும் அம்மாவாகவும் வந்தார்கள். கோட்டுப் போட்ட ஆண்கள் செஃப் ஆனார்கள், போட்டிகளில் நடுவர் நாற்காலியில் அமர்ந்தார்கள். அம்பையின் சிறுகதை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யும் 2021இல் வந்த மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’னும் காட்டிய அடுக்களையில் கைதட்டல் கிடையாது. அங்கே ஒழுகும் தொட்டியும் தீராத எச்சிலும்தான். அந்தப் படத்தைப் பார்த்து ஆண்கள் பலர் எரிச்சலடைந்ததை நினைத்தால், அது சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

சட்டம் சற்று முன்னால் நடக்கிறது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு கணக்கிடும் வழக்கில், வீட்டு வேலைக்கு வருமான மதிப்பு உண்டு என்று வலியுறுத்தியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவன் சேர்த்த சொத்தில் அடக்கம், அதில் அவளுக்குப் பங்குண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தரத் தொடங்கியது. அடுக்களையோடு பெண்ணை மேலும் கட்டிப்போடும் பணம் இது என்று சிலர் எதிர்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கணவனிடம் கேட்காமல் செலவழிக்க முடிகிற ஆயிரம் ரூபாய் பெண்ணின் நிலையை உயர்த்தவே செய்யும். அதைக் கூலி என்று எண்ணி ஆண்கள் அடுக்களையிலிருந்து விலகிக்கொள்வதுதான் ஆபத்து.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பதும் உண்மையில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும் துபாய், தோஹா அறைகளிலும் முறை போட்டுச் சாம்பார் வைத்த தமிழ் ஆண்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கற்றவர்கள். ஊர் திரும்பிக் கல்யாணம் ஆனதும் அந்தத் திறமையை மூட்டை கட்டிவைக்கிறார்கள். சமைக்க வந்தால் “நீ போய் உட்காருப்பா” என்று தடுக்கும் அம்மாவும் இதில் உண்டு, மருமகளைப் பற்றி அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற பயமும் உண்டு. பிற்காலத்தில் மனைவி இறந்தபின் மெஸ் சாப்பாட்டுக்கும் மருமகளின் நேரத்துக்கும் காத்திருக்கும் முதியவர்களை எல்லா ஊரிலும் காணலாம். பசித்த நேரத்தில் ஒரு ரசம் வைத்துக்கொள்ளும் சுதந்திரத்தை அவர்களிடமிருந்து பறித்ததும் இந்தப் பிரிவினைதான்.

2024இல் கேரளம் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படத்தைச் சேர்த்தது. சிறிய மாற்றம்தான், குழந்தையின் கண் அதை மறக்காது. இங்கே சத்துணவுக்கூடம் இல்லாத அரசுத் தொடக்கப் பள்ளியைக் காண்பது அரிது. தினமும் பிள்ளைகள் சாப்பிடும் சோற்றை யார் ஆக்குகிறார்கள், அரிசி எப்படி அளக்கிறார்கள், பருப்பு எப்போது வேகும் என்பதை ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து கற்க அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. கற்றுக்கொடுக்க, ஆண்டுக்கணக்கில் நூறு பேருக்கு உப்புத் தவறாமல் சமைத்துவரும் பெண்கள் அங்கேயே இருக்கிறார்கள். அந்தப் பாடவேளைக்கு அவர்களை ஆசிரியர் என்று அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் கொடுக்க வேண்டும்.